வாடை ஒத்துக்கொண்ட நாள்

செவ்வாய்க்கிழமை

ராசு மாமா, இன்று எனக்கு மசக்கை விட்டுவிட்டது. போடி பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்காவின் மடியில் ஏலக்காய்ப் பை இருந்தது. எனக்குக் குமட்டவே இல்லை. இழுத்து இழுத்து மோந்தேன். அப்போதுதான் பிள்ளை முதல் தடவையாக அசைந்தது.

"இனி வாய்க்கு ருசியாச் சாப்பிடு, ஆத்தா. எம் மகனைத்தான் பாடாப் படுத்திட்ட" என்று கூட வந்த உங்கள் அம்மா சிரித்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அந்த வாடை ஆகாதென்று, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவீர்கள். ஜீப்பு கவிழ்ந்து நீங்கள் போன பிறகு இன்றுதான் உங்கள் சட்டையை எடுத்தேன். சோப்பு மணம்தான் வந்தது. வாடை போக நான்தானே துவைத்தேன்.

விளக்கை அணைத்தால் வாசலில் வாளிச் சத்தம் கேட்கிறது. இனிக் குளிக்க வேண்டாம், மாமா. அப்படியே உள்ளே வருவீங்களா?