டெமிட்டர் பாதிக்கு ஒத்துக்கொண்டாள், நீ ஒத்துக்கொள்ளவில்லை

இன்று காலை பட்டறையின் பின்பக்கத்தை ஒழித்துக்கொண்டிருந்தபோது நம் பழைய கம்பெனியிலிருந்து வாங்கிவந்த, துணியில் படம் அச்சடிக்கும் ஒரு பிரிண்டிங் ஸ்கிரீன் கையில் வந்தது. எத்தனை முறை மருந்து போட்டுக் கழுவினாலும் சில படங்கள் வலைத்துணியில் நிழலாகத் தங்கிவிடும் என்று உனக்குத் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். கையில் கதிர்க்கட்டுடன் ஒரு பெண் மங்கலாகத் தெரிந்தாள். உன் டெமிட்டர். அதற்குப் பிறகு ஒழிக்கிற வேலை ஓடவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

நாம் இரண்டு பேரும் பனியன் நகரத்து ராயபுரத்தில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில் வேலை பார்த்த காலம். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். ஊரெங்கும் வேலைக்கு ஆள் தேவை என்ற பலகை தொங்கிய நேரம். காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டு நான் கம்ப்யூட்டரில் படம் போட்டேன். நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கணவனும் மகளுமாக வந்து, அச்சான துணியில் பிழை பார்க்கும் செக்கிங் மேசையில் நின்றாய். என்னைவிடச் சின்னவள். "யக்கா" என்று நீ கூப்பிட்டால் கம்ப்ரசர் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ஒரு வருடம் கிரேக்க நாட்டிலிருந்து, துணிக்கு ஆர்டர் தரும் பையர் ஒருவர் வந்தார். தீவுகளுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப் போகும் டீ-ஷர்ட். ஒவ்வொன்றிலும் அவர்கள் நாட்டுப் பழங்கதைப் பெண் ஒருத்தி. யார் எவள் என்று ஒரு தாளில் நாலு நாலு வரி எழுதித் தந்திருந்தார். அந்த நாலு வரியை வைத்து எனக்கு முகம் வரையத் தெரியவில்லை. பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து கதைகளைப் படித்தேன். படித்ததை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் கொட்டினேன்.

தலைக்கவசம் போட்டுக்கொண்டு நெசவுக்கும் போருக்கும் ஒரே தெய்வமாக நின்ற ஆதீனாவை மேசைப் பெண்கள் எல்லோருக்கும் பிடித்தது. வில்லோடு காட்டில் திரிந்து, கல்யாணமே வேண்டாம் என்ற ஆர்ட்டெமிஸைச் சொன்னபோது ஒருத்தி, "கொடுத்து வெச்சவ" என்றாள். மெடூசாவின் பாம்புத் தலையை முதலில் யாரும் தொடவில்லை. கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள்ளேயே கெடுத்தான், ஆதீனா தண்டித்ததோ அவளை என்று நான் சொன்னதும், நீ அந்தத் துணியை இழுத்து உன் முன்னால் வைத்துக்கொண்டாய்.

"தப்பு செஞ்சவன் கடலுக்குள்ள போயிட்டான். இவ தலையில பாம்பா? நல்லா இருக்கு நியாயம்."

டெமிட்டர் கதையைச் சொன்ன அன்று நீ சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டாய். பயிர்பச்சைக்கு அதிபதியான தாய். மகள் பெர்செஃபனி பூப்பறித்துக்கொண்டிருக்கும்போது பூமி பிளந்து, பாதாள ராஜா ஹேடிஸ் தூக்கிப் போய்விடுகிறான். பெண்ணின் அப்பன் சியூஸ் முன்பே சம்மதித்துவிட்டான். தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் சாப்பிடாமல் குளிக்காமல் ஊரூராகத் தேடுகிறாள். பிறகு தன் வேலையை நிறுத்துகிறாள். ஒரு விதை முளைக்கவில்லை. உலகமே பட்டினியில் கிடந்த பிறகுதான் மேலே இருக்கிறவர்கள் இறங்கி வருகிறார்கள். ஆனால் மகள் அங்கே மாதுளை முத்துக்களைத் தின்றுவிட்டாள். பாதாளத்தில் வாய் நனைத்தவள் அங்கேயே சேர்ந்தவள் என்று விதி. அதனால் பாதி வருடம் தாயிடம், பாதி வருடம் பாதாளத்தில். சில இடங்களில் மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. பையரின் தாளில் பாதி என்றுதான் இருந்தது.

டிபன் டப்பாவைக் கழுவப் போகும்போது நீ என்னிடம் கேட்டாய்: "பாதிக்கு ஏன்க்கா ஒத்துக்கிட்டா?"



அந்தக் கோடை விடுமுறையில்தான் அது நடந்தது. உன் மகள் ஜெனி பத்தாம் வகுப்பு எழுதி முடித்திருந்தாள். ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு என்று உன் கணவர் மகளைக் கூட்டிப்போனார். திரும்பும்போது தனியாக வந்தார். சாயப்பட்டறையில் வேலை பார்த்த, யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர்தான். அக்கா சொல்லை மட்டும் தட்டத் தெரியாதவர். அக்கா மகனுக்கு ஜெனியைப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு முப்பது வயது. கல்யாணம் அடுத்த மாதம்.

மறுநாள் காலை நீ அழுதுகொண்டு வருவாய் என்று நினைத்தேன். நீ தலையைப் படியச் சீவி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். நேராக முதலாளியின் மேசைக்குப் போய், மகளைக் கூட்டிவர ஊருக்குப் போவதாகச் சொன்னாய். கிரேக்க ஆர்டர் அந்த வாரம் கிளம்ப வேண்டும்.

"ஏனுங்கம்மிணி, ஷிப்மென்ட் நேரத்துல இப்படிச் சொன்னா எப்புடீங்க? ஒரு வாரம் கழிச்சுப் போனா ஆகாதுங்களா?"

"நான் லீவு கேக்கல சார். போறேன்னு சொல்லுதேன்."

அவர் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் செக்கிங் மேசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் துணியிலிருந்து கையை எடுத்தார்கள். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. அச்சாகி வந்த டெமிட்டர்கள் மேசையில் குவிந்து, வழிந்து, பிரிண்டிங் ஆட்கள் வைக்க இடமில்லாமல் அவர்களும் நிறுத்தினார்கள். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி சுற்றிப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"எங்கூட்லயும் பொட்டப்புள்ள இருக்குதுங்க. போய்ப் புள்ளையக் கூட்டீட்டு வாங்க. தனியாப் போகாதீங்க."

"நானும் வர்றேன் புள்ள," என்றேன். அதுவரை நான் தாராபுரத்தைத் தாண்டியவள் இல்லை.

 பஸ் மதுரையைத் தாண்டியதும், "அந்தம்மா தனியாவாக்கா தேடிப் போனா?" என்றாய். ஹெக்கட்டி என்று ஒருத்தி மகளின் அலறலைக் காதால் கேட்டவள், தீப்பந்தம் பிடித்துக்கொண்டு கூடவே போனாள் என்று சொன்னேன். நீ தலையை ஆட்டினாய். கொஞ்ச நேரம் கழித்து என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய்.

உன் நாத்தனார் வீடு செம்மண்ணும் பனையுமான ஊரில், கோயிலுக்கு அடுத்த தெருவில் இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. உன்னைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தாள்.

"வாங்க மதினி. வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி பிறகு குடிக்கேன். பிள்ளையக் கூப்புடுங்க."

"அதான் பேசி முடிச்சாச்சுல்லா? தம்பி சம்மதிச்சு, வெத்தலை மாத்தியாச்சு. பிள்ளையும் அந்தத் தட்டுல இருந்து லட்டு எடுத்துத் தின்னுட்டா. இனி எங்க வீட்டுப் பிள்ள."

மாதுளை முத்து எனக்கு நினைவுக்கு வந்தது. பதினெட்டு ஆகாத பெண், சட்டம் இருக்குதுங்க என்று நான் வாயெடுப்பதற்குள் நீ பேசினாய். குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தவில்லை.

"பசிச்ச பிள்ள திங்கும் மதினி. தின்னதுக்காவ ஆயுசை எழுதிக் குடுத்துட்டாளா?"

உள்ளே கதவோரம் நின்ற ஜெனி வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. "எனக்குப் படிக்கணும்மா. அப்பாட்ட சொன்னேன், அத்தைட்டயும் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

தெருவில் ஆள் சேரத் தொடங்கியது. நாத்தனார் இறங்கி வந்தாள். "சரி, படிக்கட்டும். யாரு வேண்டாம்னா? படிச்சு முடிச்சதும் இங்கதான் வரணும். அதுக்காவது வாக்குக் குடுங்க."

நீ மகளின் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அந்தம்மா பாதிக்கு ஒத்துக்கிட்டா. நான் ஒத்துக்க மாட்டேன்."

"எந்தம்மா?" என்று நாத்தனார் திருதிருவென்று விழித்தாள். கூடியிருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்ததை நீ கடைசி வரை மன்னிக்கவில்லை. ஆனால் நீயும் சிரித்தாய், பிறகு, பஸ்ஸில், ஜெனியின் தலை உன் மடியில் கிடந்தபோது.

தெருவே பார்த்திருக்க, நாத்தனாரால் அதற்குமேல் மறிக்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன் நீ வாசலில் நின்று, "இப்பத் தண்ணி குடுங்க மதினி" என்று கேட்டு வாங்கிக் குடித்தாய். அதனால்தான் அந்த உறவு அறுந்து போகவில்லை என்று நினைக்கிறேன். உன் அடக்கத்தன்று நாத்தனார் முதல் வண்டியிலேயே வந்திறங்கினாள். "என் வீட்டு வாசல்ல நின்னு என்னய ஜெயிச்சவ" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உன் கணவர் உன் காலடியில் உட்கார்ந்திருந்தார். நாம் ஊரிலிருந்து திரும்பிய அந்த வருடமே, அவர் கூடுதல் ஷிப்ட் பார்த்து ஜெனியைப் பள்ளியில் சேர்த்தார். அதை நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

நோய் உன்னைச் சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. ஆனால் ஜெனி வேலைக்குப் போனதையும், தானே ஒருவனைத் தேர்ந்து கூட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நிறுத்தியதையும் நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். இப்போது கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனை லேபில் அவள் சொல்வதுதான் சட்டம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கிரேக்கப் பெயர் எதுவும் வைத்துவிடவில்லை, பயப்படாதே.

எனக்கும் சொந்தமாகச் சின்னப் பட்டறை ஆகிவிட்டது. போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண், வேலைக்கு நடுவே என் முன்னால் வந்து நின்றாள். தங்கை உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் இருக்கிறாளாம். போனில் அழுகிறாள், ஊருக்கு விடமாட்டேன் என்கிறார்களாம். "தீதி, மே அகேலி கைசே ஜாவூங்?" என்றாள். அக்கா, தனியாக எப்படிப் போவேன் என்று இந்தியில் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. அன்றும் ஒரு ஷிப்மென்ட் காத்திருந்தது. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளோடு உடுமலை பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே என்ன பேசப்போகிறோம் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. மில் வாசலில் போய் நின்றேன். உன் வார்த்தை தானாக வந்தது: "பிள்ளையக் கூப்புடுங்க." பொழுது சாய்வதற்குள் அக்காளும் தங்கையும் எனக்கு முன்னால், கை கோத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.