உன் கைக்குச் செய்த கேமரா

என் அருமை மாப்ள ஜெயசீலா,

உன் முதலாமாண்டு நினைவு நோட்டீஸுக்கு நாலு வரி எழுதிக் கொடு அண்ணா என்று எஸ்தர் கேட்டாள். "மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற" என்று ஆரம்பித்தேன். நீ எதிரில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் நோட்டீஸின் பின்பக்கத்திலும் அச்சடிக்கட்டும். ஆரணி முழுக்கப் படிக்கட்டும். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், தனியாக உன்னிடம் மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனசு வரவில்லை.

தெரியாதவர்கள் கையில் நோட்டீஸ் போனால் அவர்களுக்காக: நீ என் தங்கை எஸ்தரின் வீட்டுக்காரன். முப்பது வருஷமாக இந்த ஊர்க் கல்யாணங்களைப் போட்டோ எடுத்தவன். நான் பட்டுச்சேலை வியாபாரி. நாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மாப்ள, மச்சான் எல்லாம் அப்புறம் வந்ததுதான்.

நமக்குள் இருந்த ஒரே சண்டை கலர் சண்டை. நான் அரக்கு என்று விற்ற சேலை உன் ஆல்பத்தில் தக்காளியாக வந்து நிற்கும். பெண் வீட்டார் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். நான் உன் ஸ்டுடியோவுக்கு வருவேன். நீ கம்ப்யூட்டரில் எதையோ இழுத்து, தள்ளி, "இப்போ ஓகேவா?" என்பாய். அது கத்திரிக்காயாக மாறியிருக்கும்.

அப்புறம் உனக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு வேலூர். நான்தான் கார் ஓட்டுவேன். கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்துவோம். உனக்கு அரை டம்ளர்தான் அனுமதி, நானும் அரை டம்ளர்தான் சொல்வேன். அந்த டீக்கடையில் வைத்துத்தான் ஒரு நாள் போனைத் திருப்பிக் காட்டினாய். எங்கேயோ ஒரு குளிர் தேசம். புருஷன், பெண்சாதி, ஒரு பட்டறை. பிலிம் போடுகிற கேமராவை ஆளுக்குத் தகுந்த மாதிரி கையளவு வாங்கி, பித்தளையும் மரமும் தோலும் சேர்த்து ஒவ்வொன்றாகச் செய்கிறார்கள். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

"கல்யாணத்துல ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல தட்டறேன் மச்சான். ஒண்ணு கூட ஞாபகத்துல நிக்கல. பன்னெண்டே பன்னெண்டுதான்னா எப்டி எடுப்பேன்னு பாக்கணும்" என்றாய். "அதுவும் கறுப்பு வெள்ளைதான். கலரே கிடையாது. உன் பேஜாரு உட்டுச்சு."

"மொத படம் எது எடுப்ப?" என்று கேட்டேன்.

"உன் மூஞ்சிதான். வாசல்ல நின்னுகினு கலர் பாக்கும்போது வாயக் கோணிக்கினு ஒரு மூஞ்சி வெப்ப பாரு, அத எடுக்கணும்."

அன்றைக்கே நான் ஆர்டர் கொடுத்தேன். விலை என்ன என்று நீ பல தடவை கேட்டாய். அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

அவர்கள் கை அளவு கேட்டார்கள். சேலை டப்பா அட்டையில் உன் இடது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். நீ இடது கைக்காரன். ஊசி குத்துவதெல்லாம் வலது கையில் என்பதால் இடது கை மட்டும் பழைய கையாகவே இருந்தது. கூசுகிறது என்று விரலை மடக்கினாய். அசையாமல் வை என்று திட்டினேன். எந்தக் கண்ணால் பார்ப்பாய், மூக்குக் கண்ணாடி உண்டா, கை வியர்க்குமா, எல்லாம் கேட்டார்கள். நீ கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து பதில் சொன்னாய். கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மேலே போர்த்துகிற தோல் என்ன நிறம்? அதைச் சொன்ன நாளிலிருந்துதான் வேலையை ஆரம்பிப்பார்கள்.

"கறுப்பு போதும் மச்சான்" என்றாய்.

கேட்டேனா? அரக்குதான் வேண்டும் என்றேன். அவர்கள் படம் அனுப்பினார்கள், ஏழு விதச் சிவப்பு. போனில் பார்த்துக் கலர் முடிவு செய்கிறவன் எங்கள் தொழிலில் உண்டா? தோல் துண்டுகளைத் தபாலில் வரவழைத்தேன். காலை பதினொரு மணி வெயிலில் கடை வாசலில் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் நீலம் அடித்தது, ஒன்று செங்கல். நம் அரக்குப் பட்டில் ஒரு துண்டு வெட்டி, இந்த நிறத்துக்குச் சாயம் ஏற்றுங்கள் என்று அனுப்பினேன். அவர்களும் பொறுமையாக ஏற்றி அனுப்பினார்கள். ஒரு சாயல் கூடுதல் என்று திருப்பி அனுப்பினேன். இப்படியே மூன்று மாதம் ஓடிப்போயிற்று. கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிற கேமராவுக்கு மாப்ள, மூன்று மாதம் கலர் பார்த்தேன்.

இரு. சேவூரிலிருந்து ஆள் வந்திருக்கிறார், சேலை கொண்டுவந்திருக்கிறார். பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். கலர் சரியாக இருந்தது. வாசலில் விரித்துப் பார்த்து எடுத்து வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. என்னால் ஐந்து நிமிஷத்தில் முடிவெடுக்க முடியும், பார்த்தாயா? அப்போது மட்டும் ஏன் முடியவில்லை? நான் கலர் பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும் நீ எங்கேயும் போக மாட்டாய் என்று எனக்குள் ஏதாவது கணக்கு ஓடியதா? தெரியவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு கடைக்கும் தெருவுக்கும் நடக்கிறேன். வேலைக்காரர்கள் "மொதலாளி, ஒரு இடத்துல உக்காருங்க" என்கிறார்கள்.

நீ நாள் தவறாமல் கேட்டாய், பார்சல் வந்துச்சா என்று. கலர் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். அங்கே கடும் பனியாம், பட்டறையைத் திறக்கவே முடியவில்லையாம் என்றேன். பனி விட்டதா என்று அடுத்த வாரம் கேட்டாய். இன்னும் விடவில்லை என்றேன். கார் ஓட்டிக்கொண்டே சொன்னேன், அதனால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. எஸ்தரிடமும் அதே பனிதான்.

நீ போன ஏழாம் வாரம் பார்சல் வந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நீ சொன்ன கறுப்புக்கு அன்றைக்கே தலையாட்டியிருந்தால், ஐந்து வாரம் அந்தக் கேமரா உன் கையில் இருந்திருக்கும். ஐந்து வாரத்தில் நீ எத்தனை ரோல் எடுத்திருப்பாய்?

பிரித்து வாசலுக்கு எடுத்துப் போனேன். தோல் அச்சு அசல் நம் அரக்கு. ஒரு இழை கூடக் குறைய இல்லை. அதுதான் என்னைக் கொன்றது மாப்ள. வலது கையில் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினால், உன் கட்டைவிரலுக்காகக் குடைந்த பள்ளத்தில் என் விரல் புதைந்து போயிற்று. மல்லுத் துணியில் சுற்றி, விலை கூடின சேலைகள் வைக்கிற பீரோவில் பூட்டிவிட்டேன். பூட்டினேனே தவிர விட்டேனா? தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். யாராவது வந்தால் மூடிவிடுவேன்.

போன மாதம் எஸ்தர் கடைக்கே வந்துவிட்டாள். "அவருக்குன்னு செஞ்சது பீரோல தூங்கினு கீது. எடுத்துக்கினு வா அண்ணா, ஒரு போட்டோவாவது எடு. இல்லன்னா திருப்பி அனுப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து பிலிம் மாட்டினேன். எஸ்தரை நாற்காலியில் உட்கார வைத்து மூன்று படம் எடுத்தேன். சுற்றுகிற குமிழ் லேசாகச் சுற்றியது. உள்ளே பிலிம் ஓடுகிறதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் நான் என்ன செய்வேன்? முப்பது வருஷப் பழக்கம். நேராக வாசலுக்குப் போய், வெளிச்சத்துக்குக் காட்டி, கேமராவின் பின்கதவைத் திறந்தேன்.

"மூடு! மூடுண்ணா!" எஸ்தர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. "வெளிச்சம் பட்டா பிலிம் போச்சுன்னு தெரியாதா? சேலைன்னு நெனச்சியா, வாசல்ல விரிச்சி பாக்கறதுக்கு?"

என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கதவை அழுத்தி மூடினாள். பார்க்காமலே இரண்டு சுற்றுச் சுற்றினாள், விரல் தானாகப் போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில் உன் டார்க்ரூமில் கூட நின்று பிலிம் கழுவினது யார்? உனக்கு ரோல் மாட்டிக் கொடுத்தது யார்? ஒன்பது மாதம் பீரோவுக்கும் வாசலுக்கும் நடந்தவன், இதை அவளிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா? அவளைப் போட்டோ எடுக்கத்தான் நினைத்தேன்.

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். நாக்கு தானாகப் புரண்டது.

"எஸ்தரு, அந்தப் பனி பொய்ம்மா."

அவள் உன் பழைய முக்காலியை உள்ளே இருந்து கொண்டுவந்து விரித்தாள். கேமராவை அதில் மாட்டினாள். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். தோல் துண்டு, பட்டுத் துண்டு, மூன்று மாதம், ஐந்து வாரம், எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நிமிந்து நில்லு" என்றாள். "வெளிச்சம் கம்மி. அரை செகண்டு தொறந்து வெக்கணும். அசையாத."

நின்றேன். குனிந்து கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அங்க பனியே இல்லன்னு அவருக்குத் தெரியும். அந்த ஊரு வெதரை தினம் போன்ல பாத்துக்கினு இருப்பாரு. நல்ல வெயிலு. 'உங்கண்ணன் கலர் பாத்துகினு கீறான், கேட்டுப்புட்டா பாவம் தாங்க மாட்டான், உடு'ன்னாரு."

சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டாள்.

எனக்கு எங்கே நிற்க வந்தது? தெரிந்துகொண்டேதான் வாரா வாரம் பனி விட்டதா என்று கேட்டாயா? காரில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாயா, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது? அதட்டியிருக்கக் கூடாதா மாப்ள? கறுப்பைச் சொல்லித் தொலைடா என்று ஒரு தடவை அதட்டியிருந்தால்? உன் மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அன்பு மேலிட்டுச் செய்ததுதான், தெரியும். அதற்காகக் கோபம் வராமல் போகுமா?

"நீயா வந்து சொல்லுவன்னு ஒரு வருஷமா பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் எஸ்தர். "கோவம் போச்சான்னு மட்டும் கேக்காத." பத்து நாள் பேசவில்லை. கேமராவைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.

இப்போது உனக்குச் செய்தி. மிச்சமிருந்த படங்களை எடுக்க அவள் தனியாகப் பஸ் ஏறி, இங்கே பக்கத்தில் சமணக் கோயில் இருக்கிற திருமலைக்குப் போய்வந்தாள். பாறை, படி, மலை மேலிருந்து தெரிகிற வயல். வலது கைக்காரி, உன் இடது கைக் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரல் வலிக்கிறதாம். வலிக்குத் தைலம் தடவிக்கொண்டே அடுத்த ரோல் வாங்கி வரச் சொல்லி ஆள் விட்டாள். பரணிலிருந்து உன் டப்பாக்களை இறக்கி, மருந்து வரவழைத்து, குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடிப் பிலிமைத் தானே கழுவினாள். நான் எடுத்த மூன்றில் ஒன்றுதான் தேறியது, அதுவும் ஓரமெல்லாம் வெளிச்சம் தின்றது.

அப்புறம் என் படம். அதை நேற்றுக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். உன் வீட்டு வாசல் நிலை, ஆணி, மாட்டியிருக்கிற குடை, எல்லாம் கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது. நடுவில் நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. வாய் கோணினதா என்றுகூடத் தெரியவில்லை. நீ ஆசைப்பட்ட முதல் படத்தையும் நான் ஆடியே கெடுத்துவிட்டேன்.

"இது சரியில்ல. இன்னொண்ணு எடுக்கணும்" என்றாள் எஸ்தர். அவள் என்னிடம் பேசினதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் அவளுக்குப் போதவில்லை. உன் நினைவு நாளன்று ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காருவதற்கு முன்னால், அதே வாசலில் முக்காலி போடப் போகிறாள். கையில் ஒரு அரக்குச் சேலையோடு வரச் சொல்லியிருக்கிறாள். எந்தச் சேலை என்று கேட்டேன். "பீரோல மேல இருக்கறத எடு, ஜல்தியா வா" என்றாள்.

மேலே இருப்பதைத்தான் எடுப்பேன் மாப்ள. திருப்பிக்கூடப் பார்க்க மாட்டேன். வாயை எப்படிக் கோணுவேன் என்று எனக்குத் தெரியாது, அது உனக்கும் அவளுக்கும்தான் தெரியும், தானாக வரட்டும். ஆனால் அவள் அழுத்துகிற அந்த அரை செகண்டு, உன்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் சரி, அழுகை வந்தாலும் சரி, ஆட மாட்டேன்.

நகராமல் நிற்கப் போகிற,
உன் மச்சான்,
ஏசுதாஸ்