நுரை தள்ளிய விறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று இங்கே விடுதி அடுப்பில் எரிந்த விறகின் முனையில் நுரை தள்ளியது. பார்த்ததும் உன் ஞாபகம் வந்தது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? நன்னிலத்தில் மழை பிடித்துவிட்டதா? நான் நன்றாக இருக்கிறேன்.

திருப்பூர் மில்லுக்கு வந்த இருபது நாளில் நான் இங்கே யாரிடமும் பேசியதில்லை. நேற்று சமையல்கார அக்கா புகையில் இருமுவதைப் பார்த்து, "அக்கா, அது பச்சை விறகு, காயணும்" என்று சொல்லிவிட்டேன்.

"அட, உனக்குப் பேச்சு வருமா கண்ணு? காஞ்சதை நீயே எடுத்துக் குடு" என்று சிரித்தார். நீ செய்வதுபோல் ஒன்றோடொன்று தட்டி, ணங்கென்று கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். அதோடு சரி, அப்புறம் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

அம்மா, மழை வலுப்பதற்கு முன்னால் நம் கருவை விறகைப் பரணில் ஏற்றவேண்டும். நீ ஏறாதே. பக்கத்து வீட்டு அம்சம் அத்தையைக் கூப்பிடு. பரண் மூலையில் இருக்கும் என் பள்ளிக்கூடப் பையை எடுத்துவிட்டால் இன்னொரு கட்டு வைக்கலாம். விடுதிப் போனில் பேசும்போது பின்னால் வரிசையில் ஆள் நிற்பதால் இதைச் சொல்ல முடியவில்லை.

ஷிப்டுக்கு மணி அடிக்கிறது. பச்சை விறகைச் சுவரோரம் வெயிலில் சாய்த்து வைத்திருக்கிறேன். திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறேன்.

உன் இலக்கியா