மாமி பேராசிரியரை அதட்டிய நாள்

என் அன்பு மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஷார்ஜாவில் அதே ஃபிளாட், அதே லிஃப்ட், அதே ரிப்பேர். உங்கள் மகன் நலம். பேரன் இங்கிலீஷிலேயே கோபப்படுகிறான். உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் நேராக விஷயத்துக்கு வந்தால் உங்களுக்குப் பிடிக்காதே, கொஞ்சம் சுற்றியே வருகிறேன்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கீழக்கரையிலிருந்து வந்து இறங்கியபோது நான் அரபு இலக்கணத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். குர்ஆன் வசனங்களில் வரும் ‘அவர்’, ‘அது’ போன்ற பிரதிப்பெயர்கள் யாரைக் குறிக்கின்றன, எதைக் குறிக்கின்றன என்பதுதான் ஆய்வு. ஒரே சொல்லுக்குப் பழைய அறிஞர்கள் நாலு விதமாகப் பொருள் சொல்லியிருப்பார்கள். நான் நாலையும் வைத்துக்கொண்டு விழிப்பேன்.

இதை நீங்கள் ஊருக்குப் போனில் விளக்கிய அழகு இன்னும் காதில் இருக்கிறது.

“அவ என்ன படிக்கான்னா கேக்குறிய? ‘அவர்’, ‘அது’ன்னு வருதுல்ல, அவர் யாரு, அது எதுன்னு தேடுறா. வருசக்கணக்காத் தேடுறா. இன்னும் ஆள் கெடைக்கல.”

நான் அடுத்த அறையில்தான் இருந்தேன், மாமி. நீங்களும் அது தெரிந்துதான் சத்தமாகச் சொன்னீர்கள்.

என் சமையலை நீங்கள் ஒருநாளும் பாராட்டியதில்லை. படிப்பையும்தான். “இத்தன ஆலிமுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போவுது?” என்பீர்கள். பிறகு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவீர்கள், நான் எழுத வேண்டும் என்று. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய உங்களால் மட்டும்தான் முடியும்.

கடைசியில் முனாகஷா நாள் வந்தது. ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்டுப் பிரித்து மேயும் சபை அது. குடும்பத்தார் வந்து உட்காரலாம். நீங்கள் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு, ஊரிலிருந்து வரவழைத்த தொதல் அல்வா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தீர்கள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த முதிய அரபுப் பேராசிரியர் முதல் பக்கத்திலேயே ஆரம்பித்தார். இந்த மேற்கோள் எங்கிருந்து? இந்த முடிவுக்கு என்ன ஆதாரம்? இதை யார் சொன்னது? குரல் ஏற ஏற அவர் மேசையையும் தட்டினார். நான் நின்றபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் ஒரே வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினேன்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள்.

“ஏன் வாப்பா, புள்ள காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல. எழுதுனது தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுப் போங்க. இப்புடியா வெரட்டுறது? எம் மவ கண்ணு முழிச்சு எழுதியிருக்கா. ஒங்க வீட்டுல பொம்புளப் புள்ளைக இல்லியா?”

உங்கள் மகன் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

“என்ன சொல்கிறார் இந்த அம்மா?”

“என் மாமியார், உஸ்தாத். தங்கள் புலமையை வியந்து வாழ்த்துகிறார்.”

“அவர் இவ்வளவு நேரம் பேசினார். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாயே?”

“தமிழ் கொஞ்சம் நீளமான மொழி, உஸ்தாத்.”

“விரலை நீட்டி யாரும் வாழ்த்துவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்.”

சொன்னேன். இத்தனை வருட உழைப்பு அந்த இடத்திலேயே போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். பச்சைத்தண்ணீருக்கு அரபியில் சரியான சொல் கூடக் கிடைக்கவில்லை. அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

“மாமியார் என்றாய். இவர் ‘என் மகள்’ என்கிறாரே. அது யாரைக் குறிக்கிறது?”

“என்னைத்தான் என்று நினைக்கிறேன்.”

“நினைக்கிறேன் என்பது ஆய்வாளர் பேசும் பேச்சா? உறுதியாகச் சொல்.”

நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இன்னொரு சுற்றுக்குத் தயாராக நின்றீர்கள்.

“என்னைத்தான், உஸ்தாத்.”

அவர் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். “உட்கார். குடி. பிறகு பதில் சொல்லலாம்” என்றார். கேள்விகள் குறையவில்லை, மாமி. ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் உங்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

முடிவைப் பேச அவர்கள் உள்ளே போனதுமே நீங்கள் தொதல் டப்பாவைத் திறந்துவிட்டீர்கள்.

“ரிசல்ட் வரட்டும், மாமி!”

“வராட்டா மட்டும் தொதல திருப்பி ஊருக்கா அனுப்பப் போறோம்?”

வந்தது. பட்டமும் கிடைத்தது. பேராசிரியர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும்போது டாக்ஸியில், ‘மவ’ என்றா சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

“சபைல மருமவள்னா மதிக்க மாட்டான்னு சொன்னேன். நீ பாட்டுக்குத் தல மேல ஏறிறாத.”

போன வருடம் நீங்கள் ஊரில் மவுத்தான செய்தி வந்தபோது நான் வகுப்பில் அரபு நடத்திக்கொண்டிருந்தேன். மாணவிகள்தான் முதலில் கையேந்தி துஆ கேட்டார்கள். “யா அல்லாஹ், அவரை மன்னிப்பாயாக.” வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அந்த ‘அவர்’ யார் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது.

இனி செய்தி. என் ஆய்வு புத்தகமாகிறது. பதிப்பகத்தார் சமர்ப்பணம் கேட்டார்கள். உங்களுக்கே என்று முடிவு செய்து, ‘என் தாய்க்கு’ என்று அரபியில் எழுதி, பெருமையாக என் உம்மாவுக்குப் போன் போட்டேன்.

“எனக்குத்தானே?” என்றார்கள்.

“மாமிக்கு, உம்மா.”

யாருக்கு என்று மறுபடியும் கேட்டார்கள். பிறகு, “சரி, பெரிய மனுசி, போய்ச் சேந்துட்டாவ. ரெண்டு பேருக்கும் போடு. எம் பேரு மொதல்ல வரட்டும்” என்றார்கள். நீங்கள் இருந்திருந்தால் விடுவீர்களா? யார் பெயரை முன்னால் போட்டாலும் ஒரு சம்பந்தி வீட்டுச் சண்டை உறுதி.

நல்லவேளை, அரபியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒன்று உண்டு. சரியாக இரண்டு பேருக்கு மட்டும். ‘என் இரு தாயருக்கு’ என்பதில் ‘இரு’, ‘தாயர்’ இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடும். அதில் முன்னால் யார், பின்னால் யார் என்று எந்த இலக்கணக்காரனாலும் பிரிக்க முடியாது. அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை உங்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன், மாமி. இது என் வாக்கு. முதல் பக்கத்திலேயே நீங்கள் தூங்கிப்போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

துஆவுடன்,
உங்கள் மூத்த மருமகள்
ஃபாயிஸா