வேறு வீட்டு உத்தரம்

இன்று காலை ஆய்வகத்திலிருந்து ஓர் உறை வந்ததடா. நாங்கள் தோண்டிய இடத்தில் ஒரே அடுப்பிலிருந்து எடுத்த ஐந்து கரித்துண்டுகளின் வயது அதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இத்தனை ஆண்டு முன்பின் இருக்கலாம் என்ற குறிப்பும். நான்கு ஒத்துப்போயின. ஐந்தாவது மட்டும் பல நூறு ஆண்டு மூத்தது. அதற்குத்தான் முன்பின்னும் மிகக் குறைவு. பார்த்ததும் சிரித்துவிட்டேன். "இன்னா சாமி, மறுபடியும் உத்தரமா?" என்று நீ கேட்பதுபோலவே இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூர்க் குளத்தருகே ஒரு பழைய சத்திரத்தை இடிக்கப் போனார்கள். அதற்குமுன் அதன் வயதைக் கணித்து எழுதும் வேலை என்னிடம் வந்தது. அது என் முதல் அறிக்கை. வேலையோ தற்காலிகம், அறிக்கை தேறினால்தான் நிரந்தரம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். தரைக்கடியில் கிடைத்த காசு, செங்கல் அளவு, சுவரின் பூச்சு மூன்றும் ஏறக்குறைய ஒரே காலத்தைக் காட்டின. கூரையைத் தாங்கிய மர உத்தரத்தில் செதுக்கியிருந்த ஆண்டோ நூறு வருஷம் முந்தியது. நான் நான்கையும் கூட்டி நான்கால் வகுத்து, அதை அதிகாரியிடமும் சொல்லிவிட்டேன்.

நீ கல்லூரியில் என் பெஞ்சுக்காரன், புள்ளியியலில் புலி. உன் அத்தாவுக்குத் தேனாம்பேட்டையில் மரவாடி. இடித்த வீட்டு மரங்களை வாங்கி விற்பார். சத்திரத்தை வேடிக்கை பார்க்க வந்தவன் என் கணக்கை வாங்கிப் பார்த்தாய்.

"கூட்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேளு. நாலும் ஒரே சமாச்சாரத்தோட வயசா?"

"செதுக்கின வருஷத்தைவிடத் துல்லியமா வேறென்னடா வேணும்? பிழை கம்மியா உள்ளதுக்கு எடை ஜாஸ்தி குடுன்னு நீதானே சொல்லிண்டிருப்பே?"

"குடு. மரத்து வயசுக்குக் குடு. வூட்டு வயசு வேற."

ஏணி போட்டு ஏறி, பேனாக்கத்தியால் சாயத்தைச் சுரண்டினாய். மரத்துண்டு வைத்து அடைத்த இரண்டு பழைய பொருத்துத் துளைகள் தெரிந்தன. "பாத்தியா? இது வேற வூட்டு உத்தரம்பா. எங்க வாடியில இந்த மாரி தெனம் வித்துப் போவுது."

நீ சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் அதிகாரியின் முகம் கண்முன் வந்து நின்றது. "உன் மரவாடிப் புத்தியை இங்கே காட்டாதே" என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். நீ ஏணியை ஓரமாகச் சாத்திவிட்டுப் போய்விட்டாய்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் நின்றாய், கையில் ஒரு தாள். பிழை குறைந்ததற்கு எடை கூட்டி, காசு, செங்கல், பூச்சு மூன்றையும் சேர்த்திருந்தாய். உத்தரத்தைத் தூக்கி எறியவில்லை. தனி வரியில், காரணத்தோடு வைத்திருந்தாய்.

"கோபம் இல்லையாடா?"

"கீது. அதுக்காகக் கணக்கு காத்துக்கினு இருக்குமா?"

அதிகாரியிடம் போய், உன் தாளைக் கொடுத்து, நேற்றுச் சொன்னது தப்பு என்றேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சத்திரத்தை இடித்தபோது, சுவருக்குள் புதைந்திருந்த உத்தரத்தின் முனையில் வேறொரு ஊரின் பெயர் இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அறிக்கையில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். "வாடிக்காரன் பேரு எதுக்கு சாமி?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மன்னிப்பும் கேட்கவில்லை, மடையன் நான்.

மத்தியானம் ஆய்வகத்து அம்மாள் தொலைபேசியில் பேசினார். "அஞ்சாவது பழைய மரமா இருக்கலாம் சார். எப்பவோ வெட்டினதை அப்புறமா எரிச்சிருப்பாங்க. அதுக்கும் இடம் விட்டுத்தான் மாடல் போட்டிருக்கேன்." நீ ஏணியில் நின்று சொன்னதை இன்று கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்கள். இவன் என் சிநேகிதன் என்று தெருவில் நின்று கூவலாம்போல் பெருமையாக இருந்தது. யார் எண்களைக் கொண்டுவந்தாலும் இன்றுவரை நான் முதலில் கேட்பது உன் கேள்வியைத்தான்.

இந்த அகழாய்வு அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயராக உன் பெயரை எழுதும்படி அந்த அம்மாளிடமே சொன்னேன். "பேருக்குப் பக்கத்துல என்ன சார் போடட்டும், பேராசிரியர்னா?" என்று கேட்டார்.

"மரவாடிக்காரர்னு போடும்மா" என்றேன்.