நாலாவது ஊசி

மார்ச் 3

போனை வைத்துவிட்ட அக்காவுக்கு,

நேற்று நான் 'ஹலோ' சொன்னதும் ஏன் வைத்தாய் என்று தெரியும். அம்மாவும் அப்படித்தான். குளியலறையிலிருந்து துண்டு கேட்டேன், கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டாள். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் குரல் மட்டும் ஊசி வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

பதினாறு முடிந்தும் எனக்குக் குரல் உடையவில்லையே, ஞாபகமிருக்கிறதா? அம்மா மாதிரிப் போனில் பேசி எனக்கு நானே பள்ளியில் லீவு சொன்ன பொற்காலம். டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? மூளை உத்தரவு போட்டால்தான் கீழ்த்தளத் தொழிற்சாலையில் ஆண் ஹார்மோன் சுரக்குமாம். மேலே இருக்கும் என் மூளை மேனேஜர் தூங்குமூஞ்சி. வெளியிலிருந்து ஊசியில் கொஞ்சம் ஹார்மோன் ஏற்றினால் முழித்துக்கொள்வாராம். ஏற்றிக்கொண்டே இருந்தால், 'அதான் சரக்கு வருதே' என்று மறுபடி இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். அதனால் மாதம் ஒரு ஊசி, மூன்றோடு சரி.

மூன்றும் முடிந்தது. ஆனால் அம்மா பழைய சீட்டைக் காட்டி நாலாவதை வாங்கி, அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். "நிறுத்தினா குரல் போயிடும்டா" என்கிறாள்.

நாலு முடி மீசையுடன்,
தம்பி

மார்ச் 9

வாலுப் பயலே,

போனை வைத்தது தப்புதான். அடுத்து 'குட்டி' என்று அப்பா கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். உடைந்த குரல் திரும்பிப் போகாது, அதை அம்மாவிடம் சொல். கேட்காவிட்டாலும் ஊசிக்கு மட்டும் உடம்பைக் காட்டாதே. உன் உடம்பு தானாக ஓடியாக வேண்டும். போனவரை ஊசியில் ஏற்றிக் கொண்டுவர முடியாதுடா.

அக்கா

மார்ச் 15

நீதிபதி அக்காவுக்கு,

சொன்னேன். கேட்கவில்லை. சனிக்கிழமை கம்பவுண்டரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் உள் அறையில் நின்று, அப்பா மாதிரி ஒரு இருமல் இருமி, "போதும் விடும்மா. அவன் உடம்ப அவன் பாத்துப்பான்" என்றேன். விளையாட்டாகத்தான்.

சமையலறையில் குழாய் நின்றது.

"சரிங்க" என்றாள் அம்மா.

கம்பவுண்டரை அனுப்பிவிட்டாள். ராத்திரி சாப்பிட எங்கள் இரண்டு பேருக்கு மூன்று தட்டு வைத்தாள். அக்கா, நான் எந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருவது?

தம்பிதான், நம்பு

மார்ச் 22

தம்பி,

உன் தட்டுக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். அந்த விளையாட்டு இனி அம்மாவிடம் வேண்டவே வேண்டாம். கண்டித்துச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை போன் பண்ணுகிறேன். வைக்க மாட்டேன். எடுத்ததும் ஒரே ஒரு தடவை, "குட்டி, சாப்பிட்டியா?" என்று கேள்.

அப்புறம் நீயாகப் பேசு.

அக்கா