காக்காய் படித்த பேனர்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை, தி. நகரில் ஓர் ஏ.சி. அறையில் நடந்த விவாதத்தின் முடிவில், மருத்துவ முகாம் பேனரின் நிறத்தை ரோஸிலிருந்து பச்சைக்கு மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஐந்து பேர் கொண்ட குழு. இளம்பச்சையா, கிளிப்பச்சையா என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழுந்து, அது ஒரு துணைக்குழுவின் பரிசீலனைக்கு விடப்பட்டது. துணைக்குழு நான்தான். இந்தப் பொறுப்பைச் சுமந்துகொண்டு பஸ் பிடித்து, மந்தைவெளியில் இறங்கி வீட்டுக்கு வந்தால், கேட் அருகே உங்கள் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு ஃபிளெக்ஸ்.

"கடைய பிரிச்சிட்டோம் சார். இத்த உங்க கைல குடுக்கச் சொல்லி அத்த அப்பவே சொல்லிச்சு. உங்களுதாமே."

வாங்கியதும் வாடை அடித்தது. மீன், உப்பு, வெயிலில் வெந்த பிளாஸ்டிக். கூடத்தில் விரிக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விரித்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இறந்தவர்களைப் பற்றி எழுதித் தருவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பழக்கமே இல்லாதவர்களுக்குக்கூட எழுதியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் அந்த ஃபிளெக்ஸ்தான்.

பட்டினப்பாக்கம் போகிற சாலையோரம் நீங்கள் பலகை போட்டு மீன் விற்றுக்கொண்டிருந்தீர்கள். ஞாயிறும் புதனும் நான் வருவேன். நான் உங்களை 'நீங்க' என்றேன், நீங்கள் என்னை 'நீ' என்றீர்கள். அந்த ஏற்பாடு இருவருக்கும் வசதியாக இருந்தது. நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு 'வாத்தியாரே' என்ற பட்டமும் வந்தது.

"இன்னா எழுதுவே?"

"கிண்டலா எழுதுவேன்."

"படிச்சிட்டு சிரிப்பாங்களா?"

"சில பேர் சிரிப்பாங்க."

"மத்தவங்கோ?"

"அவங்களைப் பத்திதான் எழுதறேன்."

நீங்கள் சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டே, "அப்போ என்ன பத்தி எழுதிக் கிழிச்சிடாத, கத்தி கைல கீது" என்றீர்கள். அந்த எச்சரிக்கையை நான் இன்று மீறுகிறேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அந்தத் தி. நகர் அறக்கட்டளை என்னை முதலில் அழைத்தது ஒரு நல்ல காரியத்துக்கு. அடையாற்றில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போகிறாள். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் இருக்கிற குப்பத்துப் பெண் அது புண்ணான பிறகுதான் போகிறாள். ஏன் என்பது கேள்வி. கேள்வி சரியானது. 'மக்களின் பண்பாட்டுக்கு ஏற்ற அணுகுமுறை' என்ற சொற்றொடர் அப்போது அங்கே புதிதாக வந்திருந்தது. வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது போல எல்லோரும் அதைத் திறந்து திறந்து பார்த்தார்கள். அதன்படி, பேனரில் இருந்த வெளிநாட்டுப் பெண் நீக்கப்பட்டு, தலையில் பூவும் இடுப்பில் கூடையுமாக ஒரு தமிழ்ப் பெண் வரையப்பட்டாள். முகாம் வாசலில் கோலம் போடுவது, வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுப்பது என்றெல்லாம் முடிவாயிற்று. வாசகம் என் பொறுப்பு.

பழைய நோட்டீஸ்களில் 'பெண்கள் பிரச்சினை' என்று பூசி மெழுகியிருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொல்லவே கூசுகிற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால்தான் கூச்சம் போகும் என்று வாதாடினேன். வென்றேன். ரோஸ் நிறப் பின்னணியில், 'மார்பகப் புற்றுநோய்' என்பது செக்கச்செவேலென்று சிவப்பில். அதற்குக் கீழே 'இலவசப் பரிசோதனை முகாம்' கறுப்பில். என் உயரத்துக்கு இருந்தது. ஒற்றுப்பிழை இல்லை. நான் எழுதியதிலேயே மிக நேர்மையான வரி அது என்று நினைத்தேன்.

அதை உங்களிடம் கொண்டுவந்து விரித்துக் காட்டியது உங்கள் கருத்தை அறிய அல்ல. அறிக்கையில் 'சமூகத்தின் கருத்து கேட்கப்பட்டது' என்று ஒரு வரி தேவைப்பட்டது. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். படித்து முடித்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு முனையை நீங்களே மடித்துவிட்டீர்கள்.

"இத்த எங்க கட்டப் போற?"

"ஸ்கூல் வாசல்ல."

"எதுத்தாப்ல இன்னா கீது?"

"என்ன இருக்கு?"

"டீக்கட கீது வாத்தியாரே. எங்க ஊட்டு ஆம்பளைங்க அல்லாரும் அங்கதான் குந்திகினு கீறானுங்கோ. இந்த போர்டுக்குக் கீழ பூந்து உள்ள போறவ எத்த காட்டப் போறான்னு அவனுங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன? இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லையே."

"உனுக்கு இல்ல."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"கண்ணு கேம்ப்புன்னு போடு. கண்ணு பாக்க எவ வோணா போவா, எவனும் ஏன்னு கேக்கமாட்டான். உள்ள போனப்புறம் நர்சம்மா கதவ சாத்திகினு இத்த கேக்கட்டும்."

"அது பொய்யாயிடுமே."

"கண்ணையும் பாரேன். பொய் இன்னாத்துக்கு ஆவுது?"

இந்த யோசனையை அடுத்த கூட்டத்தில் நான் சொல்லாமல் விடவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. மறந்திருந்தால்கூட மன்னிக்கலாம். சொன்னேன், ஆனால் நடித்துக் காட்டினேன். உங்கள் குரலில், கையில் கத்தி இருப்பது போல வைத்துக்கொண்டு, 'பொய் இன்னாத்துக்கு ஆவுது?' என்று முடித்தேன். நன்றாக வந்தது. செயலாளர் அம்மாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்து முடித்ததும் சுண்டல் கடலையா பட்டாணியா என்ற விஷயத்துக்குப் போனோம்.

முகாம் நாளன்று காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி என் வாசகத்தைத் தெருத்தெருவாக அறிவித்தார்கள். பள்ளி வாசலில் பேனர் கம்பீரமாக நின்றது. எதிரே டீக்கடையில் உட்கார இடமில்லை. பள்ளியின் ஆசிரியைகள் இருவரும் ஆயாவும் எங்கள் தொண்டர்களில் சிலரும் பரிசோதித்துக்கொண்டார்கள். சுண்டல் மிஞ்சியது. 'அப்பகுதியில் விழிப்புணர்வு பரவலாக ஏற்பட்டது' என்று அறிக்கையில் எழுதினேன். டீக்கடையைப் பொறுத்தவரை அது உண்மை.

பதினொரு மணி இருக்கும், நீங்கள் வந்தீர்கள். இடுப்பில் கூடை. வாசல்வரை வந்து நின்று பேனரை அண்ணாந்து பார்த்தீர்கள். திரும்பி டீக்கடையைப் பார்த்தீர்கள். அங்கே எவனோ ஒருவன், "இன்னா ஆயா, நீயுமா?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நீங்கள் அவனிடம், "உங்க ஆத்தாள இட்டுகினு வா, நான் தொணைக்கு வரேன்" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "வாத்தியாரே, நெத்திலி எடுத்து வெக்கட்டா?" என்றீர்கள். எடுத்து வையுங்கள் என்றேன். போய்விட்டீர்கள்.

கூடை காலியாக இருந்தது. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். இத்தனை வருடத்தில் நீங்கள் மீன் வேண்டுமா என்று கேட்டு என்னிடம் வந்ததே இல்லை, நான்தான் உங்களிடம் வருவேன். அதுவும் எனக்குத் தெரியும். மனிதர்களை உற்றுக் கவனித்து எழுதுகிறவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

மறு வாரம் அந்த பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நாலு கழி நட்டு, பலகைக்கு மேலே கூரையாகக் கட்டினீர்கள், எழுத்துப் பக்கம் வானத்தைப் பார்க்க.

"என்ன, தலைகீழா கட்டிட்டீங்க?"

"எய்த்து மேல இருக்கட்டும். காக்கா படிக்கட்டும்."

ரோஸ் வெளிச்சம் லேசாகக் கீழே இறங்கியது. அதில் எல்லா மீனுக்கும் செவுள் சிவப்பாகத் தெரிந்தது. "பாத்தியா, உன் போர்டுக்கு ஒரு வேல வந்துச்சு" என்றீர்கள். அதையும் நான் பல இடங்களில் சொல்லிச் சிரிக்கவைத்தேன். ஒன்றரை வருடம் ஞாயிறும் புதனும் அந்த நிழலில் நின்று மீன் வாங்கினேன். நீங்கள் இடது கையைத் தூக்காமல் ஒரு கையால் தராசு பிடிக்க ஆரம்பித்ததையும் பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்தேன், உங்களுக்கும் எனக்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை உங்கள் இடத்தில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கூடை விளிம்பு குத்திக் கொப்புளம் என்று சொல்லித் துணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தீர்களாம். வாடை மீன் வாடை இல்லை என்று அவள்தான் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்கிறாள். எப்போதிலிருந்து இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது, "அந்த ரோசு போர்டு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து" என்றீர்களாம். டாக்டருக்குப் புரியவில்லை. மருமகள் என்னிடம் சொன்னபோது எனக்குப் புரிந்தது.

உங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்து பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே சாய்ந்திருந்தீர்கள். ஹார்லிக்ஸ் வாங்கி வந்திருந்தேன். "மீன் எடுத்தாந்திருக்கலாம்ல" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே."

"எப்போ?"

"கண்ணு கேம்ப்புன்னு போடுன்னு சொன்னேன்ல."

உங்கள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னீர்கள். பிறகு, "ஃபேன கொஞ்சம் கொறச்சு வெச்சுட்டுப் போ" என்றீர்கள். குறைத்து வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு உங்களிடம் பேச வாய்க்கவில்லை.

மொட்டைமாடியில் ஃபிளெக்ஸை விரித்தபோது, உங்கள் கடைக்கு மேலே வெயிலைப் பார்த்துக் கிடந்த என் வாசகத்தைத் தேடினேன். காக்காய் எச்சம் அங்கங்கே வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சிவப்பில் போட்ட முதல் வரி முழுக்க வெளுத்துப்போய், துணியோடு துணியாக ஆகிவிட்டது. கறுப்பில் போட்ட 'இலவசப் பரிசோதனை முகாம்' மட்டும் அப்படியே இருந்தது. சிவப்பு மைதான் முதலில் போகும் சார், எல்லா பேனரிலும் அப்படித்தான் என்று அச்சகக்காரர் பிறகு சொன்னார். தெரிந்திருந்தும் அப்போதே சிவப்பு வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.

மறுநாள் காலை செயலாளர் அம்மாளுக்குப் போன் செய்து, துணைக்குழு கூடி முடிவெடுத்துவிட்டது என்றேன். பச்சை எந்தப் பச்சையாக இருந்தாலும் சரி, வாசகத்தை மாற்ற வேண்டும். கண் டாக்டர் ஒருவரும், கதவு சாத்துகிற மாதிரி ஓர் அறையும், அதற்குள் ஒரு நர்ஸும் வேண்டும்.

"அன்னிக்கு நடிச்சுக் காட்டினீங்களே, அதுவா?" அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"அதேதான்."

"நல்ல யோசனைதான் சார். யார் சொன்னதுன்னு மினிட்ஸ்ல போடறது?"

உங்கள் பெயரைச் சொன்னேன். பொறுப்பு என்ன என்று கேட்டார். மீன் வியாபாரம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

உங்கள் குரல் எனக்கு இன்னும் நன்றாக வருகிறது. ஷேவ் செய்யும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, கேட்காமலே வருகிறது. பேனருக்கு வாசகம் எழுதி முடித்ததும் 'எதுத்தாப்ல இன்னா கீது?' என்று கேட்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அதை யார் முன்னாலும் நடித்துக் காட்டுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அதே பள்ளியில் முகாம் நடந்தது. எதிரே டீக்கடை திறந்திருந்தது. பேனர் இளம்பச்சை. அதில் 'பெண்களுக்கு இலவசக் கண் பரிசோதனை' என்று இருந்தது. பதினொரு மணிக்கு டோக்கன் தீர்ந்துவிட்டது.